இடப்பக்கம் ஏறிய ஏணி

அவளுக்கு ‘அரை மில்லி’ என்று பெயர். வைத்தது யார் என்று ஒருவருக்கும் நினைவில்லை, ஆனால் கல்லூரி முழுவதும் அதுதான் புழங்கியது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த எழுத்தர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ, ஒரு பெண்பிள்ளை இப்படிக் குடிக்கிறாளே என்று ஒரு வாரம் அவளைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் வேறு. கல்லூரிப் பட்டறையில் யார் எந்தச் சாமானைச் செய்தாலும் அவள் அளவுகோலை வைத்துப் பார்ப்பாள். “அரை மில்லி தள்ளி இருக்கு, திரும்பச் செய்ங்க” என்பாள். அரை மில்லிமீட்டரில் உலகம் முழுகிப் போய்விடாது என்று வாதாடிப் பார்த்தவர்கள் உண்டு. வாதாடி முடித்துவிட்டு அவர்களும் திரும்பச் செய்தார்கள்.

பட்டறை ஒரு நீளமான அறை. ஒரு ஓரத்தில் லேத், அடுத்து துளை போடும் இயந்திரம், ஜன்னலோரம் சாமானை இறுக்கிப் பிடிக்கும் மூன்று வைஸ் பொருத்திய மேஜை, எல்லாவற்றின் மேலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. இயற்பியல் துறைக்கு ஊசல், வேதியியல் துறைக்குத் தாங்கி, விடுதிக் கதவுக்குக் கைப்பிடி என்று, கண்ணாடியைத் தவிர எது உடைந்தாலும் அவளிடம்தான் வரும். வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம். ஆனாலும் தற்காலிகம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ‘மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது’ என்று ஒரு தாள் வரும். அதைக் கையில் வாங்கும் வரைக்கும் தினமும் அலுவலக வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். அப்படி இருபத்தொரு தாள் சேர்ந்துவிட்டது. இந்த வருஷம்தான் பட்டறைக்கு நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே ஒரு இடம், வெளியாட்களும் விண்ணப்பிக்கலாம் என்று அறிவிப்பு.

அந்தச் சமயத்தில்தான் உயிரியல் துறைப் பேராசிரியை ஒரு சுருட்டிய தாளோடு பட்டறைக்குள் வந்தார். அவளைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். எண்ணெய் பட்டுவிடுமோ என்று புடவையைத் தூக்கிப் பிடிக்காமல் நேராக மேஜைக்கு வந்து நிற்கிற ஒரே பேராசிரியை அவர்தான், அதனாலேயே அவளுக்கு அவரைப் பிடிக்கும்.

“புதுக் கட்டடம் திறக்கிறோம் இல்ல, அதோட முகப்புல ஆறடிக்கு ஒரு மாடல் வேணும். டிஎன்ஏன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே?”

“கொலைக் கேஸ்ல கண்டுபிடிப்பாங்களே, அதுதானே மேடம்?”

“அதேதான். கொலை பண்ணாதவங்ககிட்டயும் இருக்கு,” என்று சிரித்துவிட்டு மேடம் விளக்கினார். “முறுக்கி விட்ட ஏணின்னு வச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் தண்டு, நடுவுல படி. ஒவ்வொரு படியும் ரெண்டு துண்டு சேர்ந்தது. துண்டுல நாலு வகை. ஏ, டி, ஜி, சி. ஏ இருந்தா எதிர்ல டிதான் வரும், ஜி இருந்தா சிதான்.”

“ஜோடி மாறாதா?”

“மாறாது. ஒரு பாதியைப் பாத்தாலே மறுபாதி என்னன்னு சொல்லிடலாம். உடம்புல புதுசா ஒரு செல் உண்டாகணும்னா, இந்த ஏணி நடுவுல பிரிஞ்சு, ஒவ்வொரு பாதிக்கும் எதிர்ப்பாதி புதுசா சேரும். ஒரு ஏணி ரெண்டு ஏணி ஆயிடும்.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்போ இதுக்கு அது அச்சு, அதுக்கு இது அச்சு.”

மேடம் அவளையே பார்த்தார். “இருபது வருஷமா பாடம் எடுக்கிறேன். இவ்வளவு சுருக்கமா நான் சொன்னதே இல்ல.”

“முறுக்கு எந்தப் பக்கம் மேடம்?”

“வலப்பக்கம். நீங்க தினம் முடுக்குற போல்ட்ல மரை எப்படி ஏறுதோ, அப்படியே.”

செய்யப் போகிற சாமானைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் உளியைத் தொடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. நூலகத்தில் அந்தக் கண்டுபிடிப்பின் கதையைச் சொல்லும் ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, எழுத்துக் கூட்டாத குறையாக மூன்று வாரம் படித்தாள். படித்ததைச் சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பரிமாறினாள். கேட்பதற்கு இரண்டு பேர். தபால்காரனான கணவன், அவனுடைய அம்மா.

“கேட்டீங்களா, ரெண்டு பேரு. சொந்தமா சோதனைன்னு பெருசா ஒண்ணும் பண்ணல. மத்தவங்க கண்டுபிடிச்சதை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு, தகடும் கம்பியுமா மாடல் கட்டிக் கட்டிப் பாத்திருக்காங்க.”

“உன் ஆளுங்கதான்,” என்றான் கணவன்.

“மொதல் மாடல் படுதோல்வி! மூணு தண்டு வச்சாங்க, அதையும் கொண்டுபோய் நடுவுல வச்சுட்டாங்க. எக்ஸ்ரே வச்சு இதைப் படம் எடுக்கிற ஒரு பெண் விஞ்ஞானி வந்து பாத்துட்டு, இதுல எவ்வளவு தண்ணி சேர்ந்திருக்குங்கிற கணக்கே தப்பா இருக்குன்னு அங்கயே சொல்லிட்டாங்க. இவங்களோட மேலதிகாரி, இனிமே இதைத் தொடாதீங்கன்னுட்டாரு.”

“தொடாம இருந்தாங்களா?”

“இருப்பாங்களா? கேளுங்க. அந்த அம்மாவும் அவங்க மாணவரும் எடுத்த படம் ஒண்ணு இருக்கு. பெருக்கல் குறி மாதிரி கறுப்புக் கறுப்பா புள்ளி. தெரிஞ்சவங்க பாத்தா, அது முறுக்குன்னு உடனே புரிஞ்சுடுமாம். அந்தப் படத்தை, அந்த அம்மாகூட வேலை பாத்த ஒருத்தரு அவங்களைக் கேக்காமலே இவங்கள்ல ஒருத்தர்கிட்ட காட்டிட்டாரு.”

“அடப்பாவிங்களா,” என்றாள் மாமியார்.

“கண்டுபிடிச்சதுக்கு இவங்களுக்கு உலகத்துலயே பெரிய பரிசு கொடுக்கும்போது அந்த அம்மா உயிரோடவே இல்ல அத்தை. முப்பத்தேழு வயசுல போயிட்டாங்க.”

மாமியார் ‘ச்சு’ கொட்டினாள். ஆனால் மருமகளுக்கு அன்றைக்கு வேறொரு ஆத்திரமும் பாக்கி இருந்தது.

“இன்னொண்ணு கேளுங்க. படிக்குத் தகடு வெட்டித் தரச் சொல்லி அங்க இருந்த பட்டறையில கொடுத்திருக்காங்க. வரத் தாமதமாச்சாம். சரின்னு அட்டையில வெட்டி, மேஜை மேல வச்சு நகர்த்தி நகர்த்திப் பாத்ததுல ஜோடி பொருந்திடுச்சு. நல்ல விஷயம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா பட்டறைக்காரங்களைப் பத்திப் புத்தகம் பூரா என்ன எழுதியிருக்கு? ‘தாமதம்’. அவ்வளவுதான்! தகடு வெட்டுறது என்ன கிள்ளுக்கீரையா? அவங்க கையில வேற எத்தனை வேலை இருந்துச்சோ!”

“விடும்மா, செத்துப்போனவங்களோட சண்டை போடாத,” என்ற மாமியார், தன் சந்தேகத்தைக் கேட்டாள். “அது சரி, இந்த ஏணி என் உடம்புலயும் இருக்கா?”

“எல்லா செல்லுலயும் இருக்கு அத்தை. இழுத்து நீட்டினா ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மீட்டர் கிட்ட வரும்.”

“அதான் பாத்தேன். இத்தனை ஏணியைச் சுமந்துக்கிட்டு நடந்தா முட்டி வலிக்காம என்ன செய்யும்?”

மாடல் உருவாயிற்று. இரண்டு சுற்று, சுற்றுக்குப் பத்துப் படி, ஆக இருபது படி. தகடுகளை நாலு நிறத்தில் வெட்டினாள். தண்டுக்கு அலுமினியக் குழாய், ஒவ்வொன்றும் பன்னிரண்டரை அடி. குழாயை அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும் என்பதால், காய்ந்த மணலைக் கெட்டியாகத் தட்டி நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்துவிட்டு, ஒரு பெரிய மர உருளையைச் சுற்றி வளைத்தாள். உருளைமேல் பாதை போட மேடம் கொடுத்த தாளில் இரண்டு சாய்வுக் கோடுகள் இருந்தன. தாளை உருளையில் சுற்றிக் கோட்டின் வழியாகப் புள்ளி அடித்துக்கொண்டாள். இரண்டு தண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். சமமாக இருந்தால் பார்க்க அழகாயிருக்குமே என்று மேடத்தின் துறைத்தலைவர் சொன்னபோது, “உள்ளே இருக்கிறது அப்படி இல்லையே சார்” என்று சொல்லிவிட்டாள்.

முகப்பில் கொண்டுபோய் நிறுத்தியதும் கல்லூரியே வந்து பார்த்தது. மாணவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், பேராசிரியர்கள் மாணவர்களை விலக்கிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். துறைத்தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த ஒரு மாடல் போதும்மா. நிரந்தரப் பணிக்கு உங்களைப் பரிந்துரை பண்ணியிருக்கேன். ‘பிழையற்ற வேலை’ன்னு என் கையாலேயே எழுதியிருக்கேன்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பட்டறைக்குத் திரும்பி, தேவையே இல்லாமல் லேத்தை இரண்டு தடவை துடைத்தாள்.

திறப்பு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அடித்தட்டில் ஒரு போல்ட் கொஞ்சம் ஆடுகிறது என்று மாற்றப் போனாள். புதுப் போல்ட்டை எடுத்து, மரையில் ஒட்டியிருந்த தூசியை ஊதுவதற்காகக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். போல்ட்டுக்குப் பின்னால் மாடல் நின்றது. போல்ட்டில் மரை வலப்பக்கமாக மேலே ஏறியது. மாடலில் தண்டு இடப்பக்கமாக மேலே ஏறியது.

தூக்கி வாரிப் போட்டது. போல்ட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். மாடலின் பின்பக்கம் போய் அங்கிருந்து பார்த்தாள். எங்கே நின்று பார்த்தாலும் இரண்டும் எதிரும் புதிருமாகவே இருந்தன.

எப்படி நடந்தது என்பது அங்கே நின்றபடியே அவளுக்குப் புரிந்துவிட்டது. வரைபடத்தாளைத் தகட்டின்மேல் வைக்கும்போது, கோடு போட்ட பக்கத்தைக் கீழே பார்க்கவைத்துக் கவிழ்த்து ஒட்டுவது அவள் வழக்கம். மெல்லிய தாள், கோடு பின்னாலேயே தெரியும். கையில் மை ஒட்டாது, கோடு அழியாது. கவிழ்த்தால் படம் இடம் வலமாக மாறும்தான். அதனால் என்ன? வெட்டி முடித்ததும் தகட்டைத் திருப்பிப் போட்டால் தீர்ந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வழக்கம் ஒரு வேலையைக்கூடக் கெடுத்ததில்லை. தட்டையான சாமானைத் திருப்பிப் போடலாம், முறுக்கைத் திருப்பிப் போட முடியாது. உருளையைச் சுற்றியபோதும் கை தன் பாட்டுக்குத் தாளைக் கவிழ்த்துவிட்டது.

அரை மில்லிக்கு ஊரையே ஆட்டிவைத்தவள் மாடல் முழுவதையும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி கட்டி நிறுத்தியிருந்தாள். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. இன்னொரு பக்கம், அதைவிட மோசமாக, ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. ஒருவரும் கவனிக்கவில்லையே? இத்தனை படித்தவர்கள் கண்ணிலேயே படாதது வேறு யார் கண்ணில் படப் போகிறது? நேர்முகம் முடிந்து கையில் உத்தரவு வந்த பிறகு ஏதாவது சாக்கில் மாற்றிவிடலாமே? அன்றைக்கு முழுதும் அவள் கல்லூரியில் யாரிடமும் சொல்லவில்லை. அவளைப் பற்றி நல்லபடியாகவே சொல்ல ஆசைப்பட்டாலும் இதை மறைக்க முடியாது.

சாயங்காலம் கணவனிடம் மட்டும் சொன்னாள்.

“எத்தனை பேர் பாத்திருப்பாங்க?” என்று கேட்டான்.

“எல்லாரும்தான்.”

“ஒருத்தருக்குமா தெரியல?”

“தெரியலைங்க.”

அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே யோசித்தான். “நான் என்ன சொல்றேன்னா, சொல்லாம இருந்தா உனக்கு வேலை கிடைக்கும், சொன்னா கிடைக்காம போகலாம். எதுவா இருந்தாலும் நாளைக்குக் காலையில நான் பையை மாட்டிக்கிட்டுப் போகத்தான் போறேன், அடுப்பு எரியும். அதனால வேலையை நினைச்சு மட்டும் முடிவு பண்ணாத. மத்தபடி உனக்குத் தெரியாததா?”

மறுநாள் காலையில் மேடத்தை முகப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், போல்ட்டை மாடலுக்கு முன்னால் பிடித்தாள். மேடத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயோ. நேத்து இது பக்கத்துல நின்னு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேனே!”

துறைத்தலைவர் வரவழைக்கப்பட்டார். கெட்டவர் அல்ல, விழா அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்ட மனிதர். சிறிது நேரம் மாடலைச் சுற்றி வந்தார். “தலைகீழா நிறுத்திட்டா சரியாயிடாதா?” என்றார்.

அவள் போல்ட்டைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டினாள். மரை முன்பு ஏறிய பக்கமே ஏறியது. அவர் அதை வாங்கித் தானும் ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“சரி, இடப்பக்கம் சுத்துற வகைகூட ஒண்ணு இருக்கே மேடம்? ஏதோ எழுத்துல பேர் வருமே. அதுதான் இதுன்னு ஒரு பலகை எழுதி வச்சுட்டா?”

உண்மையிலேயே அப்படி ஒரு வகை இருக்கிறது. மேடமே ஒரு நிமிஷம் சபலப்பட்ட மாதிரிதான் இருந்தது. அவள் கேட்டாள், “மேடம், அந்த வகையிலயும் சுத்துக்குப் பத்துப் படியா?”

“இல்ல,” என்றார் மேடம் மெதுவாக. “பன்னிரண்டு.”

“அப்போ பலகை வச்சா ரெண்டு தப்பு ஆயிடும் சார்.”

துறைத்தலைவர் பெருமூச்சு விட்டார். “ஏம்மா, நீங்களா வந்து சொல்லலைன்னா இது யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இப்போ புதுக் குழாய் எடுக்கணும்னாக்கூடக் காரணம் எழுத்துல வேணும். எழுதினா அது உங்க ஃபைல்ல போய் உக்காரும். யோசிச்சுக்கோங்க.”

யோசிப்பதையெல்லாம் அவள் முதல் நாளே முடித்துவிட்டிருந்தாள். அவருடைய மேஜையிலேயே உட்கார்ந்து நாலு வரி எழுதினாள். வரைபடம் சரியாகவே இருந்தது, அதை உருளையில் கவிழ்த்துச் சுற்றியது நான், அதனால் மாடல் இடப்பக்கமாகச் சுற்றுகிறது, மறுபடி செய்ய இரண்டு குழாய் வேண்டும். அதை வாங்கிப் படித்த மேடம், பேனாவை எடுத்துக் கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். ‘மாடலைச் சரிபார்த்து ஒப்புக்கொண்டவள் நான், என் கண்ணிலும் படவில்லை.’ அந்த ஒரு வரிக்காக அவள் மேடத்தைக் கடைசி வரைக்கும் மறக்கமாட்டாள்.

ஏழு நாள் வேலை. மாடலை முகப்பிலிருந்து பட்டறைக்குத் தூக்கிவந்து, இருபது படியையும் கழற்றி எண் எழுதி அடுக்கினாள். தகடுகள் தப்பித்தன, திருப்பிப் போட்டால் போதும். தண்டுகள்தான் தண்டம். இந்தத் தடவை தாளை உருளையில் சுற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு போல்ட்டை நிறுத்தி, புள்ளி அடிப்பதற்கு முன் மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்புறம் வேதியியல்காரர் ஒருவரைக் கூப்பிட்டாள். அப்புறம் வழியில் போன அந்த அலுவலக எழுத்தரையும் கூப்பிட்டாள். “எனக்கென்னம்மா தெரியும்?” என்றார் அவர். “இதும் அதும் ஒரே பக்கம் சாயுதான்னு மட்டும் பாருங்க.” அவர் குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, ஒரே பக்கம்தான் சாய்கிறது என்று பொறுப்போடு அறிவித்தார். அதன் பிறகே மணலை நிரப்பினாள். கை காய்த்துப்போய்த் தோள் கழன்றுவிடும்போல் வலித்தது. விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் மாடல் தன் இடத்தில் ஏறி நின்றது. மறுநாள் சிறப்பு விருந்தினர் ரிப்பனை வெட்டி, இருபது நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசிவிட்டு, மாடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் காரேறினார்.

இரண்டு மாதம் கழித்து நேர்முகம். அவளுக்கு முன்னால் போன நாலு பேரும் பெரிய தொழிற்சாலைகளிலிருந்து வந்தவர்கள், கையில் தடித்தடியாய்ச் சான்றிதழ். உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவிலிருந்த பொறியியல் பேராசிரியரின் முன்னால் அவளுடைய ஃபைல் திறந்து கிடந்தது. ஒரு பக்கம் ‘பிழையற்ற வேலை’ என்ற பரிந்துரை, அடுத்த பக்கம் அவள் கைப்பட எழுதிய நாலு வரி. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாடல் தப்புன்னு வேற யாராவது புகார் கொடுத்தாங்களா?”

“இல்லைங்க சார்.”

“நீங்க இதை எழுதலைன்னா இந்த ஃபைல்ல இப்படி ஒரு தாளே இருந்திருக்காது. தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அப்புறம் ஏன் எழுதினீங்க?”

அதற்கு நல்லதாக ஒரு பதில் தயார் பண்ணி வைத்திருக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. நேர்மை, கடமை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

“பட்டறைக்குப் போக வேற வழி இல்லைங்க சார். தினமும் காலையில நான் அதைத் தாண்டித்தான் போகணும்.”

பொறியியல் பேராசிரியர் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துவைத்து, பேனாவைத் திறந்து, ‘தேர்வு செய்யப்பட்டார்’ என்ற வரிக்குக் கீழே முதல் கையெழுத்தை அவரே போட்டார்.